நிரலுக்கும் மரபு உண்டு



நம் தமிழ்ப்பள்ளிகளில் படிநிலை இரண்டில் பயிலும் பிள்ளைகள், ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தின்வழி நிரலாக்கத்தின் அடிப்படைகளைத் தொடுகின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அவர்களுள் சிலர் ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளைக் கற்கின்றனர். இவ்வேளையில் பெற்றோர் சிலர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. “நிரல் ஓடுகிறது; விடையும் சரியாக வருகிறது. அப்படியிருக்க, பெயர் சரியில்லை, வரி ஒழுங்காக இல்லை, இடைவெளி விடவில்லை என்றெல்லாம் ஆசிரியர் ஏன் குறை சொல்ல வேண்டும்?” என்பதே அவ்வினா.

நியாயமான வினாதான். கணினிக்கு அழகும் தெரியாது, அழகின்மையும் தெரியாது. ‘அ’ என்று பெயரிட்டாலும் ‘மொத்த மதிப்பெண்’ என்று பெயரிட்டாலும் அது ஒரே விடையைத்தான் தரும். ஆயினும் உலகெங்கும் நிரலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒழுங்கைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்துள்ளனர். ஏன்? அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த வரலாற்றின் ஒரு கிளை நம் தமிழுக்கும் வந்து சேர்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையில் தொடங்கிய ஒழுங்கு

1928ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 80 நெடுவரிசைகள் கொண்ட துளை அட்டையை அறிமுகப்படுத்தியது. பின்னர் 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு அந்நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கியபோது, நிரலின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையாயிற்று. முதல் ஐந்து நெடுவரிசைகள் வரி எண்ணுக்கு. ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு. ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. மாறிகளின் பெயர் ஆறு எழுத்துக்கு மேற்படலாகாது. ஆங்கில நெடுங்கணக்கில் ‘ஐ’ முதல் ‘என்’ வரையிலான ஆறு எழுத்துகளுள் ஒன்றால் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை யாவும் எந்திரம் விதித்த கட்டுப்பாடுகள். மீறினால் நிரல் ஓடாது. மனிதர் மனிதருக்காக வகுத்துக்கொண்ட மரபு பின்னர்தான் வந்தது.

1960களில் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில், நார்வே கணிப்பு மையத்தில், ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் சிமுலா என்னும் மொழியை உருவாக்கினர். அதன் 1967ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய கருத்துகள் முதன்முதலில் ஒருங்கே தோன்றின. இதுவே பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தொடக்கம். 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி இக்கருத்தை மேலும் வளர்த்தது.

இம்முறையில் நிரல் என்பது ஒரு நீண்ட கட்டளைப் பட்டியலன்று. அது பல பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு சிற்றூர் போன்றது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும். அது சார்ந்த இனத்திற்கு ஒரு பெயர் வேண்டும். அது செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆகவே, பெயரிடும் பொறுப்பு பன்மடங்கு பெருகியது. பெயரிடும் மரபும் இன்றியமையாததாயிற்று.

ஒட்டகத் திமிலும் அடிக்கோடும்

ஒரு பெயரில் இரு சொற்கள் வந்தால் எவ்வாறு எழுதுவது? இடைவெளி விட்டால் கணினி அவற்றை இரண்டு பெயர்களாகக் கொள்ளும். இச்சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் தோன்றின.

முதல் தீர்வு, சொற்களை ஒட்டி எழுதி, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. இடையிடையே மேலெழும் எழுத்துகள் ஒட்டகத்தின் திமிலைப் போலத் தோன்றுவதால் இதனை ஒட்டக நடை என்பர். இரண்டாம் தீர்வு, சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுவது.

ஸ்மால்டாக் ஏன் முதல் வழியில் சென்றது என்பதற்குச் சுவையான பின்னணி உண்டு. 1963ஆம் ஆண்டின் ஆஸ்கி அட்டவணையில், இன்று அடிக்கோடு அமர்ந்துள்ள இடத்தில் இடப்பக்க அம்புக்குறி இருந்தது. ஸ்மால்டாக் அந்த அம்புக்குறியை ஒரு மாறிக்கு மதிப்பு இடுவதற்குப் பயன்படுத்தியது. அடிக்கோட்டுக்கு அங்கே இடமில்லை. சி மொழியில் அடிக்கோடு இருந்தது. அம்மொழியினர் அதனைப் பயன்படுத்தினர். இன்று நிரலாளர்கள் இருதரப்பாக நின்று வாதிடும் ஒரு வழக்கத்தின் வேரில், விசைப்பலகையில் இருந்த ஒரு குறியும் இல்லாத ஒரு குறியும் கிடக்கின்றன!

இவ்வாறு தன்போக்கில் வளர்ந்த பழக்கங்கள் பின்னர் எழுத்து வடிவம் பெற்றன. 1990களின் பிற்பகுதியில் சன் நிறுவனம் ஜாவா மொழிக்கான நிரல் மரபுகளை ஓர் ஏடாக வெளியிட்டது. இனக்குழுவின் பெயர் பெயர்ச்சொல்லாக இருத்தல் வேண்டும். செயற்கூற்றின் பெயர் வினைச்சொல்லாக இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. மென்பொருளின் வாழ்நாட் செலவில் 80 விழுக்காடு பராமரிப்புக்கே ஆகிறது என்றும், அதனை முதலில் எழுதியவரே இறுதிவரை பராமரிப்பது அரிது என்றும் அவ்வேடு காரணம் கூறியது.

2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பைத்தான் மொழிக்கான நடைக்கையேடு வெளிவந்தது. அம்மொழியைப் படைத்த குயிடோ வான் ராசம் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகள்; ஒரு வரிக்கு 79 எழுத்துகள்; இனக்குழுவின் பெயரில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்; செயற்கூற்றின் பெயர் சிறிய எழுத்தில், அடிக்கோட்டுடன் அமைய வேண்டும். அந்த 79 என்னும் எண்ணைப் பாருங்கள்! துளை அட்டை மறைந்து போயிற்று. ஆனால், அதன் அகலம் திரைகளுக்குத் தாவி, அங்கிருந்து மரபாகி நிற்கிறது.

ஒரு வரி செய்த தீங்கு

இவையெல்லாம் வெறும் அழகுக்காகத்தானே என்று எண்ணுவோருக்கு 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்ட ஒரு பிழையை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளும் கணினிகளும் இணையத்தில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது, மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தாமா என்று சரிபார்க்கும் ஒரு நிரல் இருந்தது. அதில் ‘தோல்விக்குச் செல்க’ என்னும் பொருள்படும் ஒரு வரி, அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றுவிட்டது.

முதல் வரி, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரியும் அதே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதாகவே தோன்றியது. ஆனால், சி மொழியில் அடைப்புக்குறி இல்லாவிடில் அடுத்த ஒரு வரி மட்டுமே நிபந்தனையைச் சேரும். இரண்டாவது வரி எப்போதும் இயங்கியது. அதனால் அதற்குப் பின் வரவேண்டிய சரிபார்ப்பு நிகழவே இல்லை. எண்ணற்ற பயனர்களின் பாதுகாப்பு இந்த ஒற்றை வரியால் ஆட்டங்கண்டது.

ஒரு வரியே ஆனாலும் நிபந்தனையின் உடலை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது பல நடைக்கையேடுகள் கூறும் எளிய மரபு. அம்மரபு அங்கே கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் பிழை எளிதில் கண்ணில் பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் பொருளும் கணினி கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்கச் செய்வதே நடை மரபின் பயன்.

தமிழில் பெரிய எழுத்து ஏது?

இனி நம் மொழிக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3, மாறிகளுக்கும் இனக்குழுக்களுக்கும் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பெயரிட இடமளித்தது. அதாவது, தமிழிலேயே பெயரிடலாம். ஜாவாவில் தொடக்கத்திலிருந்தே இவ்வசதி உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக் கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய ‘எழில்’ மொழியோ, கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே அமைத்தது. எழிலில் எழுதப்பட்ட ஒரு சிறு பகுதி இதோ:

@( மதிப்பெண் >= 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். எழிலில் நிபந்தனை முதலில் வந்து, ‘ஆனால்’ என்னும் சொல் அதன் பின்னே நிற்கிறது. இது தமிழ்த் தொடரமைப்பின் இயல்பு. ‘பதிப்பி’, ‘நிறுத்து’, ‘பின்கொடு’ என்னும் கட்டளைகள் ஏவல் வினைகளாக அமைந்துள்ளன. உள்தள்ளலைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை. ‘முடி’ என்னும் சொல் நிபந்தனையின் எல்லையை ஐயமின்றிக் காட்டுகிறது. மொழியின் இயல்பறிந்து வகுத்த மரபுக்கு இது நல்ல சான்று.

எழில் பெரும்பாலும் செயற்கூறுகளை அடிப்படையாகக் கொண்ட எளிய மொழி. பொருள்நோக்கு முறையில் தமிழ்ப் பெயர்களுடன் ஒரு நிரலை எழுத முனைந்தால்தான் உண்மையான சிக்கல்கள் தலைதூக்குகின்றன. அவற்றுள் நான்கினைச் சுட்டுகிறேன்.

முதலாவது, தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் ‘மாணவர்’ என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது இனக்குழு. சிறிய எழுத்தில் தொடங்கினால் அது அவ்வினத்தைச் சார்ந்த ஒரு பொருள். தமிழில் இரண்டும் ‘மாணவர்’தான். கணினி குழம்பும், படிப்பவரும் குழம்புவார். உலகின் புகழ்பெற்ற நடைக்கையேடுகளின் முதன்மை விதி நமக்குப் பயன்படாது என்பது இதன் பொருள்.

இரண்டாவது, புணர்ச்சி. ‘வகுப்பு’, ‘பட்டியல்’ என்னும் இரு சொற்களை அடிக்கோட்டால் இணைக்கும்போது ஒரு மாணவர் ‘வகுப்பு_பட்டியல்’ என்று எழுதுவார். வலிமிகும் விதியறிந்த மற்றொரு மாணவர் ‘வகுப்புப்_பட்டியல்’ என்று எழுதுவார். நமக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இவை இரு வேறு பெயர்கள்.

மூன்றாவது, தட்டச்சு. ‘ஔவை’ என்பதை ஔகாரத்தால் எழுதலாம். பலர் அதனை ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. ஒருங்குறியில் இவை இரண்டும் வெவ்வேறு குறியீடுகள்.

நான்காவது, எழுத்தை எண்ணும் முறை. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவரைக் கேட்டால் மூன்று என்பார். பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இக்குறையைப் போக்கும் நிரல்தொகுப்புகளுள் ஒன்று, முத்தையா அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’. அதில் எழுத்துப் பட்டியல்களுக்கு இட்ட பெயர்களைக் காணுங்கள்: உயிர், மெய், அகரம், புள்ளி ஆகிய நம் இலக்கணச் சொற்கள் உரோம எழுத்தில், அடிக்கோட்டுடன் அமைந்துள்ளன. பைத்தானின் மரபையும் தமிழின் மரபையும் இணைத்த ஒரு வழி இது.

முன்பு கண்ட பாடம்

மரபு உடன்பாடின்றிப் போனால் என்ன நேரும் என்பதைத் தமிழ்க் கணிமை ஏற்கெனவே கண்டுள்ளது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு உருவாக்குநரும் தமக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தனர். கோலாலம்பூரில் எழுதிய மடலைச் சென்னையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் 1997இல் நடந்த தமிழிணைய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடும் இதற்குத் தீர்வு தேடின. தமிழ்99 விசைப்பலகை அவ்வாறு பிறந்ததே. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் பங்கும் இவ்வரலாற்றில் பெரிது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று இங்கே எழுதுவதை உலகின் எம்மூலையிலும் தமிழர் படிக்க முடிவது இத்தனை பேர் கூடிப் பேசி உடன்பட்டதன் விளைவே.

எழுத்தின் குறியேற்றத்தில் பட்ட அதே இடரைப் பெயரிடுதலிலும் நாம் மீண்டும் பட வேண்டுமா?

மரபியல் காட்டும் வழி

பெயரிடும் மரபு தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கே ‘மரபியல்’ என்றுதான் பெயர். இளமையைக் குறிக்கும் சொற்கள் ஒன்பது என்றும், எவ்வுயிரின் இளமைக்கு எச்சொல் உரியது என்றும் அது வரையறுக்கிறது. யானையின் இளமையைக் கன்று என்கிறோம். நாயின் இளமையைக் குட்டி என்கிறோம். மாற்றிச் சொன்னாலும் பொருள் விளங்கும். ஆனால், கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தைத் தவிர்ப்பதே மரபு.

அதே இயலில் உயிர்கள் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கப்படுகின்றன. தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர். அதனோடு சுவை சேர்ந்தால் ஈரறிவு. பின்னர் நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என்று ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. ஒவ்வொரு வகுப்பும் முந்தைய வகுப்பின் இயல்புகளைப் பெற்று, ஒன்றைக் கூடுதலாகக் கொள்கிறது. தொல்காப்பியர் கணினியைக் கண்டார் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், மரபுரிமம் என்னும் கருத்தை ஆறாம் ஆண்டு மாணவருக்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் வகுப்பறைக்கு ஒரு முன்மொழிவு

பள்ளி நூலகத்தில் நூல் இரவல் தரும் ஒரு சிறு செயல்திட்டத்தை மாணவர் குழுவாக எழுதுவதாகக் கொள்வோம். அதற்கு நான் முன்மொழியும் மரபுகள் இவை:

1. இனக்குழுவின் பெயர் பெயர்ச்சொல்லாக, ஒருமையில் அமைக. பெரிய எழுத்துக்கு மாற்றாக ‘வகை’ என்னும் ஈறு சேர்க: நூல்_வகை, மாணவர்_வகை. அவ்வினத்தின் பொருள்களுக்கு ஈறு வேண்டா. தமிழ் வேற்றுமையையும் காலத்தையும் சொல்லின் இறுதியில் காட்டும் மொழி. இனத்தையும் இறுதியிலேயே காட்டுவது அதற்கு இயல்பு.

2. செயற்கூற்றின் பெயர் ஏவல் வினையில் முடிக: நூலை_வழங்கு, கடனைப்_பதி.

3. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடை தரும் மாறிக்கு வினா ஈறு தருக: இரவலா, தேர்ச்சியா.

4. பட்டியலுக்குப் பன்மை ஈறு இடுக: நூல்கள், மாணவர்கள்.

5. அடிக்கோட்டால் இணைக்கும்போதும் வலிமிகும் விதியைப் பின்பற்றுக. தமிழ்ப் பாடத்தில் கற்பிப்பதை நிரலில் கைவிடுதல் முறையன்று.

6. ஔகாரத்தை ஒரே எழுத்தாகத் தட்டச்சு செய்க.

7. உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகள் விடுக. குறிப்புரையில் ‘என்ன’ என்பதைவிட ‘ஏன்’ என்பதை எழுதுக.

இவற்றுள் எதனையும் மாற்றலாம். வேறொரு பள்ளி வேறு ஈற்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், ஒரு குழு தொடங்கும் முன் கூடிப் பேசி, முடிவுகளை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வது தலையாயது. மரபு மேலிருந்து திணிக்கப்படுவதைவிட, உடன்பாட்டால் அமைவதே நிலைக்கும். பிள்ளைகள் தாங்களே வாதிட்டு முடிவெடுக்கும்போது, பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் வலிமிகும் இடமும் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல என்பதை உணர்கின்றனர்.

பெற்றோர் கவனத்திற்கு

1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது. அன்றுமுதல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் மின்னணுத் தொழிலால் வளர்ந்து வருகிறது. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் காலைதோறும் அத்திசை நோக்கிச் செல்வோருள் நம் சமூகத்தாரும் உளர். நாளை நம் பிள்ளைகள் அங்கே பொருத்துநராக மட்டுமின்றி, நிரல் எழுதுநராகவும் செல்ல வேண்டும் என்பதே நம் அவா. அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பார், மூன்றாமவர் திருத்துவார். தனக்கு மட்டும் புரிய எழுதும் திறமை அங்கே செல்லாது.

ஆகவே, பிள்ளையின் நிரலைக் காணும்போது, “ஓடுகிறதா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? உன் தோழன் இதைப் படித்தால் புரியுமா?” என்றும் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். ஒரு பெயரைப் படித்து உங்களுக்கே அதன் வேலை விளங்கினால், பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறது என்று பொருள்.

ஆசிரியப் பெருமக்களே! தமிழில் நிரல் எழுதலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஒருவர் எழுதிய தமிழ் நிரலை மற்றவர் இடரின்றிப் படிக்கும் நாள்தான் இனி வர வேண்டும். அதற்கான மரபை வகுக்கும் தகுதி, நாள்தோறும் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் கற்பிக்கும் நமக்கு நிறையவே உண்டு. உங்கள் பள்ளியில் நீங்கள் பின்பற்றும் மரபுகளை எழுதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம், உடன்பாடு காண்போம்.